கம்பி வலை மறைந்த படமும் அதன் குறிப்பும்: திருப்பதி சிங்க உலாவில் எடுத்த படத்தை எந்தப் பிரிவில் வைப்பது?

நகரித் தறிக்காரன்:

நண்பர்களுக்கு வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை அக்காள் மகளை அழைத்துக்கொண்டு திருப்பதி ஸ்ரீ வேங்கடேசுவர உயிரியல் பூங்காவுக்குச் சென்று வந்தேன். சீட்டுக் கட்டி எடுத்த பணத்தில் வாங்கிய, தொலைவில் உள்ளதை அருகில் காட்டும் 70-300 மி.மீ. லென்ஸை முதன்முதலாக வெளியில் கொண்டு சென்ற நாள் அது. முந்தைய இரவே பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றி, மெமரி கார்டைக் காலி செய்து வைத்திருந்தேன். காலை இரயிலில் ரேணிகுண்டாவில் இறங்கி, பேருந்து மாறிப் பூங்கா வாயிலை அடைந்தபோது வெயில் நன்றாக ஏறிவிட்டது. சேஷாசல மலையடிவாரத்து வெயிலைப் பற்றி நம் பக்கத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சிங்க உலாவுக்கான, அதாவது சிங்கங்கள் திரியும் வேலியிட்ட பகுதிக்குள் சுற்றிக்காட்டும் வண்டியின் சன்னல்களில் கம்பி வலை அடித்திருந்தார்கள். ஒரு மரத்தடியில் ஆண் சிங்கம் ஒன்று படுத்திருந்தது. வண்டி அதன் அருகே நின்ற சில நிமிடங்களில் 143 படங்கள் எடுத்துத் தள்ளினேன். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தபோது அவற்றுள் 131 படங்களில் கம்பி வலையின் துரு முதற்கொண்டு தெளிவாகப் பதிந்திருக்க, சிங்கம் மஞ்சள் பொடியைத் தூவியது போல் பின்னால் கலங்கிக் கிடந்தது. மீதிப் பன்னிரண்டில் வலை இருந்த சுவடே இல்லை. அவற்றுள் ஒன்று, சிங்கம் எழுந்து பிடரியைச் சிலுப்பிய கணம். அதை நானே எடுத்தேன் என்று நம்புவதற்குச் சற்று நேரம் பிடித்தது.

அந்தப் படத்துக்குச் 'சேஷாசல வனத்தின் அரசன்' என்று தலைப்பிட்டு, உள்ளூரில் நடந்த ஒரு படப்போட்டியின் வனவிலங்குப் பிரிவுக்கு அனுப்பினேன். 'அடைப்பில் உள்ள விலங்கு. இப்பிரிவுக்கு ஏற்கத்தக்கதன்று' என்று ஒற்றை வரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள்களாகத் தறிச் சத்தத்திலும் அந்த வரிதான் காதில் ஒலிக்கிறது. என் கேள்விகள் இரண்டு. பன்னிரண்டு படங்களில் மட்டும் வலை மறைந்தது எப்படி? படத்தில் வலையும் இல்லை, வேலியும் இல்லை என்னும்போது அதை வனவிலங்குப் படம் என்று சொல்வதில் என்ன குற்றம்?

இன்னொன்றையும் வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். அக்காள் மகள் தன் அம்மாவின் கைப்பேசியில் எடுத்த படங்களில் ஒன்றில்கூட வலை விழவில்லை.

சித்தூர் பழைய ஸ்டுடியோ:

தம்பி, முதல் கேள்விக்கு நான் விடை சொல்கிறேன். இரண்டாவதை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். முப்பது ஆண்டுகள் திருமணப் படம் எடுத்தவன் என்றாலும், ஓய்வுக்குப் பிறகு அந்தப் பூங்காவில் எத்தனையோ காலைப்பொழுதுகளைக் கழித்திருக்கிறேன்.

உங்கள் லென்ஸை 300 மி.மீ.க்கு நீட்டி, அப்பெர்ச்சரை, அதாவது ஒளித்துளையின் அளவை, 5.6இல் வைத்தால் ஒளி நுழையும் வாயிலின் விட்டம் முந்நூறை 5.6ஆல் வகுத்து வருவது, அதாவது ஏறத்தாழ 54 மி.மீ. வலைக் கம்பியின் தடிமன் மூன்று மி.மீ. இருக்குமா? ஐம்பத்து நான்கு மி.மீ. அகலமுள்ள வாயிலுக்கு முன்னால் மூன்று மி.மீ. கம்பி நின்றால், அதைச் சுற்றிக்கொண்டு ஒளி உள்ளே வந்துவிடும். கம்பி உருவமாகப் பதியாது. படத்தின் ஒளியைச் சிறிது மங்கச் செய்வதோடு சரி. அதே லென்ஸை 70 மி.மீ.க்குச் சுருக்கி அப்பெர்ச்சரை 11இல் வைத்தீர்களானால் வாயில் ஆறு மி.மீ. சொச்சம்தான். அப்போது அதே கம்பி பாதி வழியை அடைத்துக்கொண்டு கறுப்புக் கோடாக விழும். ராக் கோப்புகளின், அதாவது கேமரா பதிந்தபடியே சேமித்த மூலக் கோப்புகளின், விவரங்களைத் திறந்து பாருங்கள். அந்தப் பன்னிரண்டும் முழுக்க நீட்டி, முழுக்கத் திறந்து எடுத்தவையாகவே இருக்கும்.

உங்கள் மருமகளின் வெற்றிக்கும் இதே கணக்குத்தான், ஆனால் தலைகீழாக. கைப்பேசி லென்ஸின் வாயில் சில மி.மீ. அளவே என்பதால், அதை வலையின் ஒரு கண்ணுக்குள் நேராகப் பொருத்திவிட முடியும். கம்பி அதன் பார்வைக்குள் வருவதே இல்லை. குழந்தைக்குக் கணக்குத் தெரியாமலே கை தெரிந்திருக்கிறது.

வாயில் அகலமாக இருந்தாலும் வலை மறைய வேறு சிலவும் கூடிவர வேண்டும். லென்ஸின் முகம் வலையை ஒட்டி இருக்க வேண்டும். ஒரு முழம் பின்னால் சாய்ந்தாலும் கம்பி திரும்பி வந்துவிடும். விலங்கு வலையிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறதோ அவ்வளவு நல்லது. எல்லாவற்றையும்விட, உங்கள் பக்கத்து வலையின் மேல் வெயில் விழக் கூடாது. வெயில் பட்ட கம்பி பளபளத்து, படம் முழுவதும் பால் ஊற்றியது போல் வெளிறிவிடும். அப்படி நேர்ந்தால் லென்ஸின் முகப்பில் நிழல் தரும் ஹூடை மாட்டி, இடது உள்ளங்கையால் அந்த இடத்துக்கு மட்டும் நிழல் கொடுங்கள். பின்னணியில் இலைகளுக்கிடையே வெயில் மினுங்கும் இடங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால், அந்த ஒளிவட்டங்களுக்குள் வலையின் குறுக்குக் கோடுகள் மெல்லியதாகத் தெரியும். வலை ஒளிந்துகொள்ளத் தவறும் இடம் அதுதான். எனவே பின்னணி சீரான நிழலாக அமையும் கோணத்துக்குக் காத்திருப்பது நல்லது.

131 படங்கள் கெட்டதற்கு, கேமரா தானாகவே தெளிவு பிடிக்கும் ஆட்டோஃபோகஸ்தான் காரணமாக இருக்க வேண்டும். எல்லா ஃபோகஸ் புள்ளிகளையும் இயக்கி வைத்தால் கேமரா மிக அருகில் இருப்பதைத்தான் பிடிக்கும். அருகில் இருப்பது கம்பி. ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி, அதை வலைக் கண்ணின் நடுவழியாகச் சிங்கத்தின் கண்ணில் வையுங்கள். அப்போதும் முரண்டு பிடித்தால் கையால் ஃபோகஸ் செய்யுங்கள். படுத்திருக்கும் சிங்கம் எங்கே ஓடிவிடப் போகிறது? ஒரு நாளில் இருபது மணி நேரம்வரைகூடப் படுத்துக் கிடக்கும் பிராணி அது.

சத்தியவேடு இளையவன்:

ஐயா, அருமையான விளக்கம். ஓர் ஐயம். வண்டி எஞ்சினை நிறுத்தாமல் நிற்கும்போது சன்னல் சட்டத்தில் லென்ஸைச் சாய்த்து எடுத்தால் படம் அதிர்கிறது. என்ன செய்வது?

சித்தூர் பழைய ஸ்டுடியோ:

சாய்க்காதீர்கள். எஞ்சின் ஓடும்போது சட்டத்தைவிட நம் முழங்கைதான் நல்ல தாங்கி. உடம்பு அதிர்வை விழுங்கிவிடும். ஒரு துண்டை மடித்து இடையில் வைப்பவர்களும் உண்டு. 300 மி.மீ.யில் நம் போன்ற சிறிய சென்சார் கேமராக்களுக்கு 1/500 நொடிக்குக் கீழே ஷட்டர் வேகத்தை இறக்காமல் இருப்பது நலம். வண்டி நகர்ந்துகொண்டிருந்தால் 1/1000 வேண்டும். அதற்காக ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர் திறனை, 1600க்கு ஏற்ற நேர்ந்தாலும் அஞ்ச வேண்டாம். மணல் மணலாகத் தெரியும் படத்தைப் பிறகு ஓரளவு சரிசெய்யலாம், அதிர்ந்த படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

புத்தூர் டீச்சர்:

தறிக்காரரின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சற்றுக் கறாராக எழுதினால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

படம் அழகாக இருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் 'சேஷாசல வனத்தின் அரசன்' என்னும் தலைப்பில் ஒரு சொல்கூட உண்மையில்லை. சேஷாசலக் காடுகளில் காட்டுச் சிங்கம் கிடையாது. இன்று இந்தியாவில் சிங்கங்கள் காட்டில் வாழ்வது குஜராத்தில் மட்டும்தான், கிர் காட்டிலும் அதைச் சுற்றிய பகுதிகளிலும். அங்கே 2020இல் 674 என்றும் 2025இல் 891 என்றும் கணக்கிட்டார்கள். உங்கள் படத்தைப் பார்க்கும் ஒரு பிள்ளை, திருமலை நடைபாதையில் போனால் சிங்கம் வரும் என்று நம்பினால் அந்தப் பொறுப்பு யாருடையது? அந்தப் பாதையில் சிறுத்தை வருவது உண்மை. அந்த அச்சமே போதும்.

இன்னொரு செய்தியும் பலருக்குத் தெரியாது. புலி, சிங்கம், சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றை வித்தை காட்டப் பழக்கக் கூடாதென்று மத்திய அரசு 1998இல் அறிவிக்கை வெளியிட்டது. சர்க்கஸ் உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2000இல் கேரள உயர் நீதிமன்றமும் 2001இல் உச்ச நீதிமன்றமும் அந்த அறிவிக்கையை உறுதிப்படுத்தின. அதன்பின் சர்க்கஸ்களிலிருந்து மீட்கப்பட்ட சிங்கங்களையும் புலிகளையும் வைத்துப் பராமரிக்க மீட்பு மையங்கள் அமைத்தார்கள். திருப்பதியும் வண்டலூரும் பன்னேர்கட்டாவும் அவற்றுள் அடங்கும். சர்க்கஸ் சிங்கங்களில் பெரும்பாலானவை ஆசிய, ஆப்பிரிக்க இனங்கள் கலந்தவை. ஆகவே 'ஆசியச் சிங்கம்' என்றும் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிட முடியாது. ஆசியச் சிங்கத்துக்கு வயிற்றின் அடியில் நீளவாக்கில் தோல் மடிப்பு ஒன்று தொங்கும். பிடரி மயிர் குறைவாக இருப்பதால் காதுகள் வெளியே தெரியும். கலப்பினத்தில் இந்த அடையாளங்களும் குழம்பிவிடும்.

எனவே என் மாணவர்களுக்குச் சொல்லும் ஒரு பழக்கத்தை இங்கும் சொல்கிறேன். ஒவ்வோர் அடைப்பின் முன்பும் முதல் படமாக அங்குள்ள பெயர்ப் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்தபின் எந்த விலங்கு எங்கே நின்றது என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பலகையில் உள்ளதை மட்டும் எழுதினால் போதும். கனமான லென்ஸைத் தூக்கித் தோள் பிசகினால் கவலை வேண்டாம். கட்டுப் போடுவதற்கு எங்கள் ஊர் இருக்கிறது.

நகரித் தறிக்காரன்:

டீச்சர் சொன்ன சர்க்கஸ் செய்தி எனக்குப் புதிது. தலைப்பு தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிரிவு பற்றிய வழக்கு இன்னும் முடியவில்லை. கிர் காட்டிலும் மக்கள் ஜீப்பில் உட்கார்ந்துதான் படம் எடுக்கிறார்கள். அங்குள்ள சிங்கங்களுக்கும் வண்டிகள் பழகிப்போய்விட்டன. வழிகாட்டி அழைத்துச் சென்று காட்டுகிறார், இவர்கள் பொத்தானை அழுத்துகிறார்கள். வெயிலில் வியர்த்துக் காத்திருந்த என் உழைப்பு அதைவிட எந்த வகையில் குறைவு?

சித்தூர் பழைய ஸ்டுடியோ:

உழைப்பு குறைவென்று யாரும் சொல்லவில்லை, தம்பி. பிரிவு என்பது உழைப்புக்குப் போடும் மதிப்பெண் அன்று. விலங்கின் நிலையைப் பற்றிய உறுதிமொழி. பன்னாட்டுப் படக்கலைக் கூட்டமைப்புகளின் விதியில், வனவிலங்குப் பிரிவுக்கு வரும் படத்தில் விலங்கு தடையின்றித் தன் வாழிடத்தில் திரிவதாக இருக்க வேண்டும் என்றும், உயிரியல் பூங்காவிலோ கட்டுப்படுத்திய சூழலிலோ எடுத்த படங்களை அப்பிரிவில் ஏற்பதில்லை என்றும் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். கிர் சிங்கம் விரும்பினால் ஜீப்புக்கு முதுகைக் காட்டிப் புதருக்குள் போய்விடும். அன்றைக்கு உங்கள் கார்டு வெறுமையாகத் திரும்பும். நாம் பார்த்த சிங்கத்துக்கு அந்த உரிமை வேலிவரைதான்.

லண்டனில் அறிவிக்கப்படும் ஆண்டின் சிறந்த வனவிலங்குப் படத்துக்கான 2009ஆம் ஆண்டு முதற்பரிசு, ஓநாய் ஒன்று மரக்கதவைத் தாண்டும் படத்துக்குக் கிடைத்தது. அது பழக்கப்படுத்திய ஓநாயாக இருக்கக்கூடும் என்று நடுவர்கள் முடிவு செய்து, 2010 ஜனவரியில் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். படமெடுத்தவர் அதை மறுத்தார். பார்வைக்கு அற்புதமான படம். ஓநாயின் தாவலில் எவரும் குறை காணவில்லை. அது எங்கே வளர்ந்த ஓநாய் என்பதுதான் கேள்வியாயிற்று.

சத்தியவேடு இளையவன்:

அப்படியானால் பூங்காப் படங்களுக்கு மதிப்பே இல்லையா? எங்கள் பக்கத்திலிருந்து நேலப்பட்டுப் பறவைகள் சரணாலயத்துக்குப் போய்க் கூழைக்கடாவை எடுப்பவர்களுக்குத்தான் பெயரா?

குப்பம் மேட்டுக்கொல்லை:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இந்தக் கேள்விக்கு எங்கள் பக்கத்து அனுபவத்தைச் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

எங்கள் ஊர் கௌண்டின்யா சரணாலயத்தின் ஓரம். நெடுங்காலமாக இந்தப் பக்கம் யானையே இல்லாமல் இருந்து, 1980களில்தான் தமிழ்நாட்டுக் காடுகளிலிருந்து இங்கே வந்தன. 1990இல் சரணாலயம் அறிவித்தார்கள். அன்றிலிருந்து கேழ்வரகு முற்றும் பருவத்தில் கொல்லையில் படுத்து உறங்கியவர்கள் குறைவு. தறிக்காரர் தேடும் தடையற்ற வனவிலங்கு எங்கள் கொல்லைக்கே வந்து நிற்கிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியற்காலை, தக்காளிக் கொல்லையில் மூன்று யானைகள் நின்றன. வனத்துறையினர் வரும்வரை சத்தமில்லாமல் இருந்திருந்தால் அவை தாமாகவே காட்டுக்குத் திரும்பியிருக்கும். யாரோ ஒருவர் படம் எடுத்து வாட்ஸாப்பில் போட்டார். அரை மணி நேரத்தில் மூன்று ஊர் இளைஞர்கள் இருசக்கர வண்டிகளில் வந்து வரப்பெங்கும் நின்றுகொண்டார்கள். ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி. யானையின் முகம் தெரிய வேண்டும் என்பதற்காக ஒருவன் விசிலடித்தான். பெரிய யானை காதுகளை விரித்து, தும்பிக்கையைச் சுருட்டி உள்ளிழுத்துக்கொண்டு திரும்பியது. அதன் பொருள் தெரிந்த நாங்கள் ஓடினோம், தெரியாதவர்கள் படமெடுத்தார்கள். அன்று உயிருக்குச் சேதமில்லை. என் சொட்டுநீர்க் குழாய்கள் மட்டும் நசுங்கிப் போயின. கலைந்த யானைகள் மூன்று நாள்கள் ஊர் ஊராக அலைந்தன.

அதனால் நான் சொல்வேன்: படம் பழகுகிறவன் பூங்காவில் பழகட்டும். அங்கே அவன் தவறு செய்தால் கெடுவது அவன் கார்டு மட்டும். யானைக்கு எதிரில் நின்று அப்பெர்ச்சர் கற்றுக்கொள்ள முடியாது.

புத்தூர் டீச்சர்:

குப்பத்து ஐயா சொன்ன விசிலைப் பூங்காவிலும் கேட்கிறோம். தூங்கும் சிங்கம் தலை தூக்கட்டும் என்று வண்டிக்குள் கைதட்டுகிறார்கள், வலையைத் தட்டுகிறார்கள், கூவுகிறார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் 38-ஜே பிரிவு, பூங்கா விலங்குகளைச் சீண்டுவதையும், உணவிடுவதையும், சத்தமிட்டு அமைதியைக் குலைப்பதையும் தடைசெய்கிறது. தடுப்பைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதை 2024 பிப்ரவரியில் இதே பூங்காவில் சிங்கத்தின் அடைப்புக்குள் இறங்கிய ஒருவரின் மரணம் காட்டிவிட்டது. தறிக்காரரே, உங்கள் சிங்கம் பிடரியைச் சிலுப்பியது தானாகவா? தவறாக எண்ண வேண்டாம், கேட்டுவைக்கிறேன்.

நகரித் தறிக்காரன்:

டீச்சர், கேட்டது நல்லதே. பின் இருக்கையில் ஒருவர் கைதட்டியது உண்மை. ஆனால் அதற்குச் சிங்கம் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. பிறகு ஈ ஒன்று காதில் உட்கார்ந்தது. முதலில் காது துடித்தது, அடுத்து முன்கால் நகர்ந்தது, அதன்பின்தான் எழுந்து சிலுப்பியது. காது துடித்தபோதே நான் விரலைப் பொத்தானில் வைத்துவிட்டேன். வரிசையாக எடுத்த படங்களை இப்போது திரும்பப் பார்க்கும்போது அந்த ஈயும் இரண்டில் பதிந்திருப்பது தெரிகிறது.

சித்தூர் பழைய ஸ்டுடியோ:

அந்த ஈக்குத்தான் பரிசு கொடுக்க வேண்டும். தம்பி, காது துடித்தால் அடுத்தது என்ன என்று கணித்தீர்களே, அதைக் கற்றுக்கொள்ளவே பூங்காவுக்குப் போகிறோம்.

வெள்ளைப் புலி அடைப்புக்கும் போயிருப்பீர்கள். படம் அழுக்குச் சாம்பலாக வந்திருக்குமே? கேமராவின் ஒளிமானி எதைக் கண்டாலும் நடுச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளை உடம்புக்கு ஒளியை முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இருமடங்கு ஒளி) கூட்டுங்கள். கரடிக்கு அதே அளவு குறையுங்கள். குறிப்பு எழுதும்போது 'அழிந்துவரும் அரிய இனம்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், டீச்சர் விடமாட்டார்.

புத்தூர் டீச்சர்:

விடமாட்டேன்தான். வெள்ளைப் புலி தனி இனமன்று. வங்கப் புலியின் நிறமாற்றம். 1951இல் ரீவா அரசர் பிடித்து வளர்த்த மோகன் என்னும் ஆண் குட்டியின் வழியில், நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்து பெருக்கியவை அவை. மாறுகண் முதலிய குறைகள் அவற்றில் மிகுதி. உங்கள் படங்களில் கண்களைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

சத்தியவேடு இளையவன்:

ஒரே ஒரு கேள்வி. கெட்டுப்போன 131 படங்களில் உள்ள வலையை இப்போதைய மென்பொருள்களால் அழித்துவிடலாமே. லென்ஸால் மறைப்பதற்கும் கணினியால் அழிப்பதற்கும் என்ன வேறுபாடு?

சித்தூர் பழைய ஸ்டுடியோ:

லென்ஸ் மறைக்கும்போது கம்பியைச் சுற்றி வந்த ஒளி சிங்கத்தின் மேல் பட்டுத் திரும்பிய ஒளி. கணினி அழிக்கும்போது கம்பி இருந்த இடத்தில் அது ஊகித்து வரைகிறது. மீசை மயிர்களின் எண்ணிக்கை மாறிவிடும். வீட்டுச் சுவரில் மாட்ட அது போதும், தடையில்லை. ஆனால் தறிக்காரருடைய 131 படங்களில் சிங்கமே கலங்கிக் கிடக்கிறதே. வலையை அழித்தால் மிஞ்சுவது மஞ்சள் பொடிதான்.

நகரித் தறிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. கோப்பு விவரங்களைத் திறந்து பார்த்துவிட்டேன். பன்னிரண்டும் 300 மி.மீ., 5.6. மற்றவற்றில் பெரும்பாலானவை 8, 11. படம் கூர்மையாக வரட்டும் என்று நானே சுருக்கி வைத்தது.

குறிப்பை இப்படி மாற்றியிருக்கிறேன்: 'ஆண் சிங்கம், சிங்க உலாப் பகுதி, ஸ்ரீ வேங்கடேசுவர உயிரியல் பூங்கா, திருப்பதி. வண்டியின் கம்பி வலை வழியாக எடுத்தது.' அக்காள் மகள் படித்துவிட்டு, ஈயையும் சேர்க்கச் சொன்னாள். சேர்த்துவிட்டேன். போட்டியின் பொதுப் பிரிவுக்கு இன்னும் நான்கு நாள்கள் இருக்கின்றன. அதற்கே அனுப்புகிறேன்.

அடுத்த மாதம் மறுபடியும் போக எண்ணம். வண்டியில் எந்தப் பக்கம் உட்காருவது நல்லது, ஐயா?

சித்தூர் பழைய ஸ்டுடியோ:

ஏறுவதற்கு முன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எந்தப் பக்கத்து வலையில் வெயில் விழவில்லையோ அந்தப் பக்கம். திரும்பும் வழியில் வெயில் இடம் மாறிவிடும். அப்போது இருக்கையை மருமகளோடு மாற்றிக்கொள்ளுங்கள், அவளுடைய கைப்பேசிக்கு எந்தப் பக்கமும் சரிதான்.